உதவச் சென்றவர்களின் உயிருக்குப் பொறுப்பு யாருடையது?

2025 நவம்பர் மாத இறுதியில் டித்வா புயல் இலங்கைத் தீவைப் புரட்டிப்போட்ட நாட்களில், சுண்டிக்குளத்தை அண்டிய சாலைப் பகுதியில் கடற்படையினர் ஐவர் உயிரிழந்தனர். வெள்ளநீர் கடலுக்குள் வடிந்தோட வழி செய்வதற்காகக் கடனீரேரியின் முகத்துவாரத்தை அகலப்படுத்தும் பணியில் அவர்கள் ஈடுபட்டிருந்தனர். அதே நாட்களில், நவம்பர் 30 ஆம் திகதி, நிவாரணப் பணிக்காகப் பறந்த விமானப்படையின் பெல் 212 ரக ஹெலிகொப்டர் லுணுவிலப் பகுதியில் நீரில் வீழ்ந்து அதன் விமானி பலியானார். நாடு முழுவதும் 600 க்கும் அதிகமானோரைப் பலிகொண்ட ஓர் அனர்த்தத்தின் நடுவே இந்த ஆறு மரணங்களும் சில நாட்கள் பேசப்பட்டுப் பின்னர் பொதுக்கணக்கில் கரைந்து போயின.

முகத்துவாரத்தை வெட்டித் திறப்பது எத்தகைய வேலை என்பதை வடமராட்சிக் கரையோர மக்கள் நன்கறிவர். கடலுக்கும் ஏரிக்கும் இடையில் மணல்திட்டு கிடக்கும். மாரி மழையில் ஏரி நிரம்பிக் குடிமனைகளுக்குள் நீர் ஏறத் தொடங்கும்போது அத்திட்டை வெட்டிவிட்டால்தான் வெள்ளம் வடியும். ஆனால், வெட்டிய வாய்க்காலில் நீர் பாயத் தொடங்கியதும் அது தன் பாதையைத் தானே அகலமாக்கிக் கொள்ளும். வெட்டியவர் நின்றிருக்கும் மணலே காலடியில் கரைந்து போகும். தொண்டைமானாற்றில் தடுப்பணையும் கதவுகளும் உண்டு. சாலையில் மனிதர் இறங்கித்தான் ஆகவேண்டும். இறங்கியவர்கள் திரும்பவில்லை.

இக்கரையோரத்தில் கடற்படை என்ற சொல் எழுப்பும் நினைவுகள் எவை என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. மீன்பிடித் தடைகள், உயர் பாதுகாப்பு வலயங்கள், காணி விவகாரங்கள் என்பன இன்றும் தீராதவை. அவற்றை மறக்குமாறு எவரையும் நாம் கேட்கவும் இல்லை. எனினும், அந்த ஐவரும் அன்று அங்கு நின்றது வெள்ளத்தில் தவித்த தமிழ்க் குடும்பங்களின் வீடுகளிலிருந்து நீரை இறக்குவதற்காகவே. அதை ஒப்புக்கொள்வதால் எமது எந்தக் கோரிக்கையும் வலுவிழந்து விடாது.

நாம் இங்கு எழுப்ப விரும்புவது வேறொரு வினா. லுணுவிலவில் இறந்த விமானிக்கு மரணத்தின் பின் பதவியுயர்வு வழங்கப்பட்டது. சீருடையில் இறப்போரின் குடும்பங்களுக்கு நட்டஈடும் கொடுப்பனவும் வழங்கச் சட்ட ஏற்பாடுகள் உள்ளன. அவை முறையானவை, கிடைக்கவும் வேண்டும். ஆனால் இதே நாட்டில், இதே கிழக்கு, வடக்குக் கரையோரங்களில், அனர்த்தத்தில் சிக்கியோருக்கு உதவச் சென்று உயிரிழந்த சீருடையற்றவர்களின் கணக்கு என்னவாயிற்று?

அக்கணக்கை 2004 டிசெம்பர் 26 இலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

அந்த ஞாயிறு காலையில் ஆழிப்பேரலை யாழ். மாவட்டத்தில் மட்டும் 2,600 க்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது. அவற்றுள் மிகப் பெரும்பகுதி வடமராட்சிக்கும் வடமராட்சி கிழக்குக்கும் உரியவை. பருத்தித்துறை முனையிலிருந்து மணற்காடு வழியாக உடுத்துறை, ஆழியவளை வரை கடல் ஒரே கடல்தான். ஆனால் அன்று நிலம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. நாகர்கோவிலில் முன்னரங்கு. அதற்கு வடக்கே அரச படையினர், தெற்கே விடுதலைப் புலிகள். பருத்தித்துறையிலிருந்து நேரே கரையோரமாகப் போகக்கூடிய ஊருக்கு முகமாலை வழியாகச் சுற்றிச் செல்லவேண்டிய நிலை. இவற்றுக்கு நடுவில் கண்ணிவெடிகள். அலை அவற்றை இடம்பெயர்த்திருக்கலாம் என்ற அச்சம் அன்று எல்லோர் மனதிலும் இருந்தது. சடலங்களைத் தேடிச் சென்ற இளைஞர்கள் அந்த மணலில்தான் நடந்தார்கள்.

முதல் நாளில் உதவிக்கு ஓடியவர்கள் எந்த நிறுவனத்தையும் சேர்ந்தவர்களல்லர். அயலவர்கள், வள்ளம் தப்பிய மீனவர்கள், கோவில் மற்றும் தேவாலய இளைஞர்கள், மந்திகை ஆதார வைத்தியசாலையின் ஊழியர்கள் ஆகியோரே அவர்கள். அவர்களுள் பலருக்குத் தமது உறவினர் உயிரோடு இருக்கின்றனரா என்பதே தெரியாது. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் வந்து சேர்ந்தபோது முதற்கட்டப் பணி பெரும்பாலும் முடிந்திருந்தது. இதை எவரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. 'நிவாரணப் பணியாளர்' என்றதும் வெளிநாட்டுக்காரர் ஒருவரின் உருவமே எமது மனதில் தோன்றும் பழக்கம் எத்துணை தவறானது என்பதைக் காட்டவே எழுதுகிறோம். உதவி செய்பவரும் பாதிக்கப்பட்டவரும் எமது நிலத்தில் பெரும்பாலும் ஒருவரே.

அனர்த்தத்தின் பின் உதவிப் பணியாளரை எதிர்நோக்கும் ஆபத்து என்றவுடன் பொதுவாகச் சொல்லப்படுவது பசித்த கூட்டத்தின் சீற்றம். லொறியைச் சூழ்ந்து கொள்ளும் மக்கள், பிடுங்கப்படும் அரிசி மூட்டைகள், தள்ளுமுள்ளு. தொலைக்காட்சிகள் விரும்பிக் காட்டும் காட்சிகளும் இவையே. அத்தகைய ஆபத்தே இல்லையென்று நாம் கூறமாட்டோம். 2005 ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் பாடசாலைகளிலும் கோவில் மடங்களிலும் இயங்கிய முகாம்களுக்குச் சென்றவர்களுக்கு அந்த வரிசைகள் நினைவிருக்கும். பெயர் விடுபட்டவரின் கோபம் பட்டியலைத் தயாரித்த அதிகாரியிடம் போவதில்லை. மேசைக்கு முன்னால் அமர்ந்திருக்கும் தொண்டர்மீதே இறங்கும். டித்வாவின் பின்னரும் வீடுகளைத் துப்புரவு செய்வதற்கான 25,000 ரூபா கொடுப்பனவு யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்ற வாக்குவாதங்களில் முன்னரங்கில் நிறுத்தப்பட்டவர் கிராம அலுவலரே. சுற்றறிக்கையை எழுதியவர் கொழும்பில் இருக்கிறார். அதைக் கையில் ஏந்தி மக்களின் முகத்தைப் பார்ப்பவர் ஊரில் இருக்கிறார்.

ஆனால், கூட்டத்தால் வரும் ஆபத்தில் இறப்பது பெரும்பாலும் யார்? 2005 டிசெம்பர் 18 ஆம் திகதி அதிகாலையில் சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரணத்துக்கான டோக்கன் பெறுவதற்காக மாநகராட்சிப் பாடசாலை வாசலில் காத்திருந்தோர் நெரிசலில் சிக்கியதில் 42 பேர் உயிரிழந்தனர். டோக்கன் விநியோகம் அன்றுடன் முடிந்துவிடும் என்றொரு வதந்தி, கொட்டிய மழை, திறக்கப்பட்ட ஒரு வாசல் ஆகியவை போதுமானவையாக இருந்தன. அதற்கு முந்திய மாதம் வியாசர்பாடியிலும் இவ்வாறே நிகழ்ந்திருந்தது. இரு இடங்களிலும் மடிந்தவர்கள் உதவி பெற வந்த ஏழைகள். கூட்டத்தைக் கண்டு அஞ்சுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பொருள் போதுமான அளவு உண்டு, நாளையும் கொடுக்கப்படும், உங்கள் பெயர் இதோ இருக்கிறது என்று நம்பும்படி சொல்லக்கூடிய நிர்வாகம் இருந்தால் கூட்டம் வரிசையாகிவிடும். இந்த ஆபத்து திட்டமிடலால் பெரும்பாலும் குறைக்கக் கூடியது. முகத்துவாரத்தில் இறங்கியவர்களின் ஆபத்தும் இயந்திரங்களாலும் கயிறுகளாலும் முன்கூட்டிய வெட்டலாலும் ஓரளவு குறைக்கக் கூடியதே.

திட்டமிடலால் குறைக்க முடியாத ஆபத்து ஒன்றுண்டு. உதவுபவரை எதிரியின் ஆளாகப் பார்க்கும் கண் அது. எமது அனுபவத்தில் அதிக உயிர்களைக் குடித்தது அதுவே.

அதன் வேர் ஆழிப்பேரலைக்கு முந்தியது. 1987 ஒக்டோபர் 21, 22 ஆம் திகதிகளில் யாழ். போதனா வைத்தியசாலைக்குள் புகுந்த இந்தியப் படையினர் வைத்தியர்கள், தாதியர், சிற்றூழியர், நோயாளர் என 60 க்கும் மேற்பட்டோரைச் சுட்டுக்கொன்றனர். மறுநாட் காலையில் தாதியரை அழைத்துக்கொண்டு, தாம் வைத்தியர் எனக் கூறியவாறு கைகளை உயர்த்தி வெளியே வந்த வைத்தியர் சிவபாதசுந்தரமும் கொல்லப்பட்டார். 1991 மே மாதத்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் வாகனம் வடக்கில் ஹெலிகொப்டர் தாக்குதலுக்குள்ளாகி அதில் பயணித்தோர் காயமுற்றனர். இந்த அமைப்பின் சத்திரசிகிச்சை நிபுணர்களும் மயக்க மருந்து நிபுணர்களும் போர்க்காலத்தில் மந்திகை வைத்தியசாலையில் ஆண்டுக்கணக்காகப் பணியாற்றியவர்கள். சிசேரியன் சிகிச்சைக்கு யாழ்ப்பாண நகருக்குக் கொண்டுசெல்ல ஊரடங்கு இடம்தராத இரவுகளில் அந்தச் சத்திரசிகிச்சைக் கூடம் எத்தனை தாய்மாரைக் காத்தது என்பதைப் பருத்தித்துறையில் பலரும் நினைவுகூர்வர்.

ஆழிப்பேரலையின் பின் ஒரு வாய்ப்பு வந்தது. அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் நிவாரணத்தைச் சேர்ந்து நிர்வகிப்பதற்கான பொதுக்கட்டமைப்பு உடன்படிக்கை 2005 ஜூன் 24 ஆம் திகதி கைச்சாத்தானது. மூன்று வாரங்களுக்குள், ஜூலை 15 இல், உயர் நீதிமன்றம் அதன் முக்கிய ஏற்பாடுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அரசியல் ரீதியில் அதன் விளைவுகள் பலவாறு பேசப்பட்டிருக்கின்றன. நிவாரணப் பணியாளரைப் பொறுத்தவரை அதன் விளைவு எளிமையானது. இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட குடையொன்றின் கீழ் நின்றிருக்க வேண்டியவர்கள், இரு தரப்பின் சந்தேகத்துக்கும் நடுவில் குடையின்றி நின்றனர்.

2006 ஓகஸ்டில் அந்த வெளி மூடிக்கொண்டது. ஓகஸ்ட் 11 ஆம் திகதி முகமாலையில் சமர் வெடிக்க, ஏ-9 வீதி பூட்டப்பட்டுக் குடாநாடு தீவாயிற்று. சீனிக்கும் மாவுக்கும் சங்கக்கடை வாசலில் விடிய விடியக் காத்திருந்த காலம் அது. பருத்தித்துறைத் துறைமுகத்துக்கும் காங்கேசன்துறைக்கும் வரும் கப்பல்களே உயிர்நாடி. 2007 ஜனவரியில் குடாநாட்டுக்குப் பொருட்களை ஏற்றிவந்த சரக்குக் கப்பலொன்று பருத்தித்துறைக் கடலில் கடற்புலிகளின் தாக்குதலுக்கு உள்ளானது. எமது மக்களின் உணவைச் சுமந்து வந்த கப்பலைத் தாக்குவதற்கு எமது மக்களின் பெயரால் கூறப்பட்ட நியாயத்தை அன்றும் எம்மால் ஏற்க முடியவில்லை.

அதற்கு ஒரு வாரம் முன்னதாக, 2006 ஓகஸ்ட் 4 ஆம் திகதி, மூதூரில் நிகழ்ந்தது உலகறிந்தது. எனினும் அதன் விபரங்கள் மங்கிவருவதால் மீண்டும் எழுதவேண்டியுள்ளது. பட்டினிக்கு எதிரான அமைப்பு என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்நாட்டுப் பணியாளர்கள் பதினேழு பேர், ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்டோருக்கான குடிநீர், சுகாதாரப் பணிகளுக்காகத் திருகோணமலையிலிருந்து மூதூருக்குச் சென்றிருந்தனர். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். நால்வர் பெண்கள். நகரைக் கைப்பற்றப் புலிகள் நுழைந்து, படையினர் திருப்பித் தாக்க, அவர்கள் அலுவலகத்துக்குள் அகப்பட்டுக் கொண்டனர். நிறுவனக் கொடியும் சின்னமும் பொறித்த கட்டடமே பாதுகாப்பு என்று கருதி அங்கேயே இருக்குமாறு அவர்களுக்குச் சொல்லப்பட்டது. வெளியிலிருந்து அவர்களை மீட்க எடுத்த முயற்சிகள் கைகூடவில்லை. நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டைகளுடன், பெரும்பாலானோர் முற்றத்தில் முகங்குப்புறக் கிடக்க, மிக அருகிலிருந்து சுடப்பட்ட நிலையில் அவர்களது சடலங்கள் சில நாட்களின் பின் கண்டெடுக்கப்பட்டன.

அந்த மாத இறுதியிலேயே இலங்கைப் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவின் தலைவர் உல்ஃப் ஹென்றிக்சன், அரச பாதுகாப்புப் படையினரே இதற்குப் பொறுப்பு எனத் தாம் கருதுவதாக அறிவித்தார். அரசாங்கம் அதனை மறுத்தது. நீதவான் விசாரணை திருகோணமலை மாவட்டத்திலிருந்து அனுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. கொல்லப்பட்டோரின் ஏழைப் பெற்றோர், மொழி தெரியாத, அச்சம் நிறைந்த ஊரொன்றுக்குச் சாட்சி சொல்லப் போகவேண்டும் என்பதே அதன் பொருள். பின்னர் நீதியரசர் நிஸங்க உடலாகம தலைமையில் ஜனாதிபதி ஆணைக்குழு அமைந்தது. அதனை அவதானிக்க வந்த, இந்தியாவின் முன்னாள் பிரதம நீதியரசர் பகவதி தலைமையிலான சர்வதேச மதிப்பிற்குரியோர் குழு, அரசிடம் விருப்பமில்லை என்றும் சாட்சிகளுக்குப் பாதுகாப்பில்லை என்றும் கூறி 2008 இல் விலகிச் சென்றது. ஆணைக்குழுவின் அறிக்கை 2015 வரை பொதுமக்களின் கண்ணில் காட்டப்படவில்லை. வெளிவந்தபோது அது படையினரைப் பொறுப்பிலிருந்து விடுவித்திருந்தது. பணியாளர்களை அங்கு இருக்கவிட்டமைக்காக அவர்களது நிறுவனத்தைக் குறை கூறியிருந்தது. அந்நிறுவனம் தானாக நடத்திய ஆய்வின் முடிவை 2013 டிசெம்பரில் வெளியிட்டபோது, உள்நாட்டில் நீதிக்கான எல்லா வழிகளும் அடைபட்டுவிட்டன என்ற நிலைப்பாட்டுக்கு அது வந்திருந்தது.

ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. பதினேழு பேரைக் கொன்றவர்களுள் எவரேனும் இன்று எங்கேனும் ஓய்வூதியம் பெற்றுக்கொண்டிருக்கக் கூடும் என்பதே எமக்கு இதில் மிகவும் உறுத்தும் எண்ணம்.

தண்டனை இல்லையென்ற செய்தி எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதற்கு அடுத்த பன்னிரண்டு மாதங்களே சான்று. 2006 செப்டெம்பரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் உட்படச் சில வெளிநாட்டு நிறுவனங்களின் பணியாளரை வெளியேறுமாறு கேட்கப்பட்டது. புலிகளுக்கு உதவுவதாகப் பத்திரிகைகள் சில எழுதின. இழுபறியின் பின்னரே மந்திகையில் வைத்தியர்கள் மீண்டும் பணியைத் தொடங்க முடிந்தது. அந்த இடைவெளியில் அங்கு சிகிச்சையின்றித் திரும்பியோரை எந்த ஆணைக்குழுவும் எண்ணப்போவதில்லை. 2007 ஜூன் 1 ஆம் திகதி, ஆழிப்பேரலை மீள்கட்டுமானம் தொடர்பான பயிற்சி முடித்து மட்டக்களப்புக்குத் திரும்பவிருந்த இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கப் பணியாளர்கள் இருவர், கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில், சனக்கூட்டத்தின் நடுவே, பொலிஸார் எனத் தம்மை அறிமுகப்படுத்தியவர்களால் அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களது சடலங்கள் இரத்தினபுரி மாவட்டத்தில் கிடந்தன. அவ்வாண்டு ஜூலையில் டெனிஷ் அகதிகள் பேரவையின் பணியாளர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஓகஸ்டில், உதவிப் பணியாளருக்கு உலகில் மிக ஆபத்தான இடங்களில் ஒன்று இலங்கை என ஐ.நா.வின் மனிதாபிமானப் பணிகளுக்கான தலைவர் ஜோன் ஹோம்ஸ் கூறியபோது, அமைச்சர் ஜெயராஜ் பெர்னாண்டோபுள்ளே அவரையே பயங்கரவாதி என்றார். ஐ.நா.வின் உயரதிகாரி ஒருவருக்கே அந்தப் பட்டமென்றால், கிராமத்தில் குடிநீர்த் தாங்கி பொருத்தும் பையனின் நிலை என்ன?

2008 செப்டெம்பரில் ஐ.நா. நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. பாதுகாப்புக்கு உத்தரவாதம் தரமுடியாது என அரசாங்கம் அறிவித்ததே காரணம். போகவேண்டாம் என வாயிலில் நின்று மன்றாடிய மக்களின் படங்கள் இன்றும் காணக்கிடைக்கின்றன. வெளிநாட்டுப் பணியாளர் போனார்கள். உள்நாட்டுப் பணியாளருள் பலரைக் குடும்பத்தோடு வெளியேற விடுதலைப் புலிகள் அனுமதிக்கவில்லை. பின்னர் உதவிப் பணியாளரும் அவர்களது பிள்ளைகளும் கூடப் போருக்குப் பிடித்துச் செல்லப்பட்டனர். இதைச் சொல்லாமல் மூதூரை மட்டும் சொல்பவர்கள் பாதிக் கணக்கையே காட்டுகின்றனர். தனது வெளிநாட்டவரை மீட்டுக்கொண்டு உள்நாட்டவரை விட்டுச்சென்ற அந்த முடிவையும், அதன் பின்னர் தான் காத்த மௌனத்தையும் ஐ.நா. 2012 இல் வெளியிட்ட தனது உள்ளக மீளாய்வில் தானே கடுமையாக விமர்சித்தது.

2009 பெப்ரவரி முதல் மே வரை புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் கரைகளிலிருந்து ஏறத்தாழ 14,000 நோயாளரையும் காயமுற்றோரையும் அவர்களுடன் இருந்தோரையும் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் கப்பல் மூலம் வெளியேற்றியது. பெரிய கப்பல் ஆழத்தில் நிற்க, கரையிலிருந்து சிறு வள்ளங்களில் மீனவர்கள் நோயாளரைக் கொண்டுபோய்ச் சேர்த்தனர். கரையில் ஷெல் வீழ்ந்துகொண்டிருந்தது. அந்த மாதங்களில் அச்சங்கத்தின் உள்நாட்டுப் பணியாளர் மூவர் கொல்லப்பட்டனர். தற்காலிக வைத்தியசாலைகளில் கடைசிவரை நின்ற அரச வைத்தியர்கள் போர் முடிந்ததும் தடுத்து வைக்கப்பட்டு, 2009 ஜூலையில் ஊடகங்கள் முன் நிறுத்தப்பட்டு, தாம் முன்னர் கூறிய இழப்புகள் மிகைப்படுத்தப்பட்டவை எனச் சொல்லவைக்கப்பட்டனர். காயத்துக்குக் கட்டுப்போட்டவர் அந்தக் காயங்களின் எண்ணிக்கையைச் சொன்னால் குற்றவாளியாகிவிடுகிறார்.

இது இலங்கைக்கு மட்டும் உரிய நோயன்று. 2003 ஓகஸ்ட் 19 ஆம் திகதி பாக்தாத்தில் ஐ.நா. தலைமையகம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டு 22 பேர் இறந்ததன் நினைவாக அந்நாள் உலக மனிதாபிமான தினமாக அனுட்டிக்கப்படுகிறது. 2024 ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 383 உதவிப் பணியாளர் கொல்லப்பட்டதாக ஐ.நா. அறிவித்தது. அதற்கு முந்திய ஆண்டின் எண்ணிக்கை 293. 2024 இல் இறந்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் காஸாவிலும் அடுத்த பெரும்பகுதியினர் சூடானிலும் மாண்டனர். பெரும்பான்மையினர் தத்தம் நாட்டு மக்களுக்கே உதவிக்கொண்டிருந்த உள்ளூர்ப் பணியாளர். 2025 மார்ச்சில் ராஃபாவில் அம்புலன்ஸ் வண்டிகளுடன் சென்ற பதினைந்து மீட்புப் பணியாளர் கொல்லப்பட்டு மணலில் புதைக்கப்பட்ட செய்தியைப் படித்தபோது, மூதூர் முற்றம் நினைவுக்கு வராத தமிழ் வாசகர் இருந்திருக்க மாட்டார். 2024 மே மாதத்தில் பாதுகாப்புச் சபை 2730 ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றி, இத்தகைய கொலைகளை விசாரிக்குமாறு நாடுகளைக் கேட்டது. கேட்பதற்கு மேல் அதனால் எதுவும் ஆகவில்லை.

வெளிநாட்டுப் பணியாளர் ஒருவர் இறந்தால் அவரது நாடு கேள்வி கேட்கும். தூதரகம் இருக்கிறது, காப்புறுதி இருக்கிறது, உடலைக் கொண்டுசெல்ல விமானம் இருக்கிறது. 2024 ஏப்ரலில் காஸாவில் உலக மத்திய சமையலறை அமைப்பினர் எழுவர் கொல்லப்பட்டபோது, அவர்களுள் வெளிநாட்டவர் இருந்தமையால், சில நாட்களுக்குள் விசாரணையும் பதவி நீக்கமும் நிகழ்ந்தன. மாதச் சம்பளத்துக்கோ சம்பளமே இன்றியோ தன் ஊருக்கு வேலை செய்யும் இளைஞருக்குப் பின்னால் நிற்பது எது? மூன்று மாத ஒப்பந்தமும் ஒரு சட்டையும் ஓர் அடையாள அட்டையும் மட்டுமே. அந்த அட்டையே சில சோதனைச் சாவடிகளில் அவருக்கு எதிரான சான்றாகவும் மாறியிருக்கிறது.

போர் முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இவை பழங்கதைகள் என்று சிலர் கூறலாம். டித்வாவின் போது வடக்கில் தொண்டர்களை யாரும் சுடவில்லை என்பது உண்மையே. படையினரும் ஊர் இளைஞரும் ஒரே வெள்ளத்தில் ஒரே கயிற்றைப் பிடித்து நின்ற காட்சிகளும் இருந்தன. அதனை நாம் வரவேற்கிறோம். ஆனால் 2010 இல் அரச சார்பற்ற நிறுவனங்களைப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவந்தபோது வேரூன்றிய மனப்பாங்கு வடக்கிலிருந்து முற்றாக அகன்றுவிடவில்லை. யாருடைய பணம், யார் அனுப்பினார்கள், கூட்டத்துக்கு யார் வந்தார்கள் என்ற கேள்விகளுக்குப் பழகிப்போன எமது இளைஞர்கள், அடுத்த அனர்த்தத்தில் முன்வருவதற்கு முன் ஒரு கணம் தயங்குவார்களாயின் அத்தயக்கத்துக்கான பொறுப்பு அவர்களுடையதன்று. வெள்ளத்தில் ஒரு கணம் என்பது நீண்ட நேரம்.

செய்யக்கூடியவை கடினமானவையுமல்ல. அனர்த்த வேளையில் பிரதேச செயலகம் ஒன்றின் வேண்டுகோளின் பேரிலோ அதன் அறிவுடனோ பணியாற்றும் தொண்டர் எவரும், சீருடை அணிந்தவரைப் போலவே, காயத்துக்கும் மரணத்துக்கும் நட்டஈடு பெறும் உரிமை சட்டத்தில் எழுதப்பட வேண்டும். பதிவு வெள்ளம் வருவதற்கு முன் நடக்கவேண்டியது, பின்னரன்று. சுண்டிக்குளம் போன்ற முகத்துவாரங்களை எப்போது, எந்த நீர்மட்டத்தில், எந்த இயந்திரத்தால் திறப்பது என்பதை உள்ளூர் மீனவர் சங்கங்களைக் கலந்து மாரிக்கு முன்னரே தீர்மானிக்க முடியும். அங்குள்ள நீரின் குணத்தை அவர்களை விட அறிந்தவர் எவருமிலர். அன்று எவரேனும் அவர்களிடம் கேட்டிருந்தால் ஐந்து குடும்பங்கள் இன்று வேறு நிலையில் இருந்திருக்குமோ என்ற கேள்வியைக் கடற்படையின் அதிகாரிகளும் தமக்குள் கேட்டுக்கொள்வது நல்லது.

மூதூர் விடயத்தில் தேவையானது புதிய ஆணைக்குழுவன்று. ஆணைக்குழுக்கள் போதும். சாட்சிகளைப் பாதுகாப்பதற்கான சட்டம் 2015 முதல் நடைமுறையில் உள்ளது. கண்காணிப்புக் குழுவின் முடிவும் உடலாகம ஆணைக்குழுவின் ஏடுகளும் நிறுவனத்தின் சொந்த ஆய்வும் இருக்கின்றன. நீண்டகால வழக்குகளை மீளத் திறப்பதாக இன்றைய அரசாங்கம் பலமுறை கூறியுள்ளது. அவ்வாறு திறக்கப்படும் கோவைகளின் வரிசையில் இந்தப் பதினேழு பேரின் கோவை எத்தனையாவது இடத்தில் உள்ளது என்பதைச் சட்டமா அதிபர் திணைக்களம் அவர்களது பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும். தந்தையருள் சிலர் பதிலை அறியாமலேயே காலமாகிவிட்டனர். தாய்மார் இன்னும் இருக்கின்றனர்.